கரையைப் படித்துவிட்டு ஆற்றுக்குப் போகலாம்: சென்னை ஆறுகளில் பூச்சிக்கொல்லிகளைக் கண்காணிக்க ஒரு வழிகாட்டி

ஆற்று நீரில் பூச்சிக்கொல்லி கலந்திருக்கிறதா என்று அறிய விரும்புவோர் பெரும்பாலும் முதலில் புட்டியைத் தேடுகிறார்கள். கைக்கெட்டிய பாலத்தில் நின்று நீரை மொண்டு ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள். இரண்டு வாரம் கழித்து ‘கண்டறியப்படவில்லை’ என்று அறிக்கை வந்ததும் ஆறு நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். மருந்து அடித்த நாள், மழை பெய்த நாள், நீர் எடுத்த நாள் ஆகிய மூன்றும் தெரியாதவரை அந்த அறிக்கையை வைத்து எதையும் சொல்லிவிட முடியாது. கண்காணிப்பு கரையில் தொடங்க வேண்டும் என்பதே இந்த வழிகாட்டியின் அடிப்படை. கல்லூரி ஆசிரியர்கள், ஏரி பாதுகாப்புக் குழுவினர், சுற்றுச்சூழல் மாணவர்கள் ஆகியோரை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

பூச்சிக்கொல்லி என்றதும் (களைக்கொல்லியையும் சேர்த்தே இங்கே சொல்கிறேன்) வயல் மட்டுமே நினைவுக்கு வருவது இயல்பு. ஆனால் அது பாதிப் படம்தான். அமெரிக்காவின் நிலவியல் ஆய்வுத் துறை 1991-இல் தொடங்கிய தேசிய நீர்த்தர மதிப்பீட்டுத் திட்டத்தில், ஓடைகளை வேளாண் நிலம், நகரம், கலப்பு நிலம், மனிதர் அதிகம் கைவைக்காத நிலம் என்று பிரித்து ஆராய்ந்தார்கள். 2002 முதல் 2011 வரையிலான காலத்தில், ஒரு பூச்சிக்கொல்லியாவது நீர்வாழ் உயிர்களுக்கான நீண்டகாலப் பாதுகாப்பு அளவைத் தாண்டிய ஓடைகள் வேளாண் பகுதியில் 61 விழுக்காடாகவும், நகரப் பகுதியில் 90 விழுக்காடாகவும் இருந்தன. வயலே இல்லாத தெருக்களிலிருந்தும் மருந்து வடிகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

முதலில் வரைபடமும் அடங்கலும்

நிலப் பயன்பாடுகளை ஒப்பிட வேண்டுமானால், மாதிரி எடுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பார்ப்பது போதாது. அந்த இடத்துக்கு மேலே எந்தெந்த நிலங்களின் நீர் வடிந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். அடையாற்றை எடுத்துக்கொள்வோம். மணிமங்கலம், ஆதனூர்ப் பகுதி ஏரிகளின் உபரி நீரைக் கொண்டு உருவாகும் இந்த ஆறு, நெல் வயல்களைக் கடந்து வரதராஜபுரம், முடிச்சூர் குடியிருப்புகளுக்குள் நுழைந்து, திருநீர்மலை அருகே செம்பரம்பாக்கம் ஏரியின் உபரியையும் வாங்கிக்கொண்டு, அனகாபுத்தூர், சைதாப்பேட்டை வழியாகக் கழிமுகத்தை அடைகிறது. சைதாப்பேட்டையில் மட்டும் நீர் எடுத்தால் வயல், வீடு, ஏரி மூன்றின் கணக்கும் ஒன்றாகக் கலந்துவிடும். ஆகவே வயல்கள் முடியும் இடத்தில் ஒன்று, குடியிருப்புகளைக் கடந்த பின் ஒன்று, செம்பரம்பாக்கம் உபரி கலப்பதற்கு முன்னும் பின்னும் ஒவ்வொன்று, சைதாப்பேட்டையில் ஒன்று என்று ஆற்றின் போக்கில் இடங்களை அடுக்கினால், இரண்டு இடங்களுக்கு இடையே கூடியது எவ்வளவு என்று கணக்கிட முடியும்.

கூவம் வேறு விதமானது. கேசவரம் அணைக்கட்டில் கொசஸ்தலையாற்றிலிருந்து பிரியும் நீரையும் கூவம் ஏரியின் உபரியையும் கொண்டு கிளம்பும் அந்த ஆற்றின் மேற்பகுதி திருவள்ளூர் மாவட்டத்து வயல்களின் ஊடே செல்கிறது. ஆனால் கோடையில் மதுரவாயலுக்குக் கிழக்கே ஓடுவது பெரும்பாலும் வீட்டுக் கழிவுநீர்தான்; மேலேயிருந்து வயல் நீர் வந்து சேர்வதேயில்லை. அந்த மாதங்களில் சேத்துப்பட்டிலோ சிந்தாதிரிப்பேட்டையிலோ கிடைக்கும் எண்ணை வைத்து மேல்பகுதி விவசாயிகள்மீது பழி சொன்னால் அது அநியாயம்.

கொசஸ்தலையாற்றில் இன்னொரு சிக்கல் உண்டு. 1944-இல் கட்டி முடிக்கப்பட்ட பூண்டி நீர்த்தேக்கத்துக்கு இந்த ஆற்று நீர் மட்டும் வருவதில்லை. 1983 ஒப்பந்தப்படி ஆந்திரத்தின் கண்டலேறு அணையிலிருந்து கால்வாய் வழியாகக் கிருஷ்ணா நீரும் 1996 முதல் வந்துகொண்டிருக்கிறது. கால்வாய் திறந்திருக்கும் நாள்களில் பூண்டிக்குக் கீழே எடுக்கும் மாதிரியில் பல நூறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள வேறொரு வடிநிலத்தின் சுவடும் கலந்திருக்கும். எனவே ஒவ்வொரு மாதிரிக்கும் எதிரே கால்வாய் திறந்திருந்ததா, மதகு திறந்திருந்ததா என்று எழுதி வைப்பது கட்டாயம்.

ஒப்பீட்டுக்கு, மனிதர் கைபடாத ஓடை ஒன்றும் வேண்டும். சென்னையின் சமவெளியில் அப்படி ஒன்றைக் காண்பது அரிது. ஆரணியாற்றுக்கு நீர் தரும் நாகலாபுரம் மலைக் காட்டோடைகளைப் போன்ற ஒன்றை, வனத்துறையின் அனுமதி பெற்றுப் பயன்படுத்தலாம். அங்கும் சுழியம் வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். காற்றும் மழையும் மருந்தைச் சுமந்து செல்லக்கூடியவை.

வரைபடத்தில் பச்சையாகத் தெரிவதெல்லாம் ஒரே பயிரல்ல. எந்தப் புல எண்ணில் எந்தப் பயிர் என்பது கிராம நிர்வாக அலுவலரிடமுள்ள அடங்கல் என்னும் பயிர்ப் பதிவேட்டில் இருக்கும். அதைப் பார்த்த பிறகு ஒரு முறையாவது வரப்பின்மேல் நடந்துவிட்டு வருவது நல்லது. நெல் என்று பதிவான நிலத்தில் கத்தரியோ மல்லியோ நிற்பதுண்டு. நெல்லுக்கு அடிக்கும் மருந்து வேறு, கத்தரிக்கு அடிக்கும் மருந்து வேறு. அடிக்கும் தடவைகளும் வேறு.

எந்த மருந்தைத் தேடுவது

ஆய்வகத்திடம் ‘பூச்சிக்கொல்லி பாருங்கள்’ என்று மட்டும் சொன்னால், அவர்கள் தங்களிடமுள்ள வழக்கமான பட்டியலைப் பார்த்துக் கொடுப்பார்கள். பல இடங்களில் அந்தப் பட்டியலில் டிடிடி, லிண்டேன், எண்டோசல்பான் போன்ற பழைய குளோரின் சேர்மங்களே முன்னிற்கின்றன. இந்தியாவில் வேளாண்மையில் டிடிடி பயன்பாடு 1989-இல் தடைசெய்யப்பட்டது. எண்டோசல்பானை உச்ச நீதிமன்றம் 2011-இல் தடைசெய்தது. அவற்றைத் தேடுவது வண்டலின் பழைய கதையை அறிய உதவும். இன்று வயலிலும் தெருவிலும் என்ன அடிக்கிறார்கள் என்பதை அறியத் தனிப்பட்டியல் தேவை.

அந்தப் பட்டியலுக்கு இரண்டு நல்ல இடங்கள் உண்டு. முதலாவது உள்ளூர் மருந்துக் கடை. அந்தப் பருவத்தில் எது அதிகம் விற்றது என்று கடைக்காரரைப் போலச் சொல்ல வேறு யாராலும் முடியாது. இரண்டாவது வாய்க்கால் ஓரம். மணிமங்கலம் பக்கம் ஒரு நாள் காலையில் நடந்தபோது, மடை வாயில் சிக்கிக் கிடந்த நான்கு காலிப் புட்டிகளின் சீட்டுகளை நனைந்த நிலையிலேயே படித்துக் குறித்துக்கொண்டேன்; எங்கள் பட்டியலில் இல்லாத இரண்டு பெயர்கள் அதில் இருந்தன. விவசாயியிடம் பேசும்போது ‘பூச்சிக்கொல்லி’ என்று தொடங்காமல், ‘இந்தப் போகத்துக்கு என்ன மருந்து அடிச்சீங்க, எத்தனை டேங்க் ஆச்சு’ என்று கேட்டால் பேச்சு எளிதாக நடக்கும். குற்றம் கண்டுபிடிக்க வந்தவர் என்ற எண்ணம் அவருக்கு ஒரு நொடி வந்துவிட்டாலும் உண்மை கிடைக்காது. அவருடைய பிழைப்பை மதித்துப் பேசுவது நம் கடமையும்கூட.

நகரத்தில் கேட்க வேண்டியவர்கள் வேறு. கட்டடம் எழுப்பும் முன் அஸ்திவார மண்ணில் கரையான் மருந்து ஊற்றுவது நம் ஊர் வழக்கம். அதற்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 6313 ஆகும். குளோர்பைரிபாஸ், இமிடாகுளோபிரிட் ஆகிய இரண்டும் இந்த வேலையில் பயன்படுபவை. அஸ்திவாரக் குழிகளிலிருந்து மழைநீரைப் பம்பு வைத்து வடிகாலுக்குள் இறைப்பதை மழைக்காலத்தில் எந்தப் புறநகரிலும் பார்க்கலாம். இத்துடன் கால்வாய்களில் தெளிக்கும் கொசுப்புழுக் கொல்லி, தெருவில் அடிக்கும் புகை மருந்து, கரப்பான் பூச்சிக்கும் நாய் உண்ணிக்கும் பயன்படும் பிப்ரோனில் ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பட்டியல் தயாரானதும் ஒவ்வொரு மருந்தும் நீரில் எவ்வளவு கரையும் என்று பார்க்க வேண்டும். இமிடாகுளோபிரிட் ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ 600 மில்லிகிராம் கரையும். குளோர்பைரிபாஸ் ஒரு மில்லிகிராமை ஒட்டியே கரையும். சைபர்மெத்ரின் சில மைக்ரோகிராம்தான். முதலாவதை நீரில் தேட வேண்டும்; கடைசியை வண்டலில் தேட வேண்டும்; நடுவில் இருப்பதை இரண்டிலும் தேட வேண்டும். சைபர்மெத்ரினைத் தெளிந்த நீரில் மட்டும் தேடிவிட்டு ‘இல்லை’ என்று எழுதிய அறிக்கைகளை நான் பார்த்திருக்கிறேன். அது பரணில் வைத்த பொருளை வாசலில் தேடிவிட்டுக் காணவில்லை என்று சொல்வதற்கு ஒப்பாகும். மருந்து சிதைந்து பிறக்கும் பொருள்களையும் பட்டியலில் சேர்த்தால் கூடுதல் செய்தி கிடைக்கும். வண்டலில் டிடிடி-ஐவிட அதன் சிதைவான டிடிஇ மிகுந்திருந்தால் அது பழைய எச்சம். டிடிடி மிகுந்திருந்தால் அண்மையில் யாரோ பயன்படுத்தியிருக்கலாம் என்று ஐயுற வேண்டும்.

நாள் குறித்தல்

மாதம் ஒரு முறை, முதல் திங்கட்கிழமை என்று வைத்துக்கொள்வது அலுவலகத்துக்கு வசதி. மருந்து அந்த நாள்காட்டியைப் பார்த்து ஓடுவதில்லை. திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்களில் சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று போகம் நெல் நடைபெறுகிறது. நட்ட மூன்று முதல் ஐந்து நாள்களுக்குள் பூட்டாகுளோர், ப்ரெட்டிலாகுளோர் போன்ற களைக்கொல்லிகளை இடுகிறார்கள். அதன் பிறகு சில நாள்கள் வயலில் நீரை வடிக்காமல் நிறுத்தி வைப்பது முறை. அந்த நாள்களுக்குள் ஒரு கனமழை பெய்து வரப்பு வழிந்தால், அந்தப் பருவத்தின் மிக உயர்ந்த அளவு சில மணி நேரத்தில் வாய்க்காலைக் கடந்துவிடும். மறு வாரம் நாம் எடுக்கும் மாதிரியில் அதன் சுவடு மிகக் குறைவாகவே இருக்கும்.

அதனால் மாதாந்திர மாதிரியை அடிப்படையாக வைத்துக்கொண்டு, அதன்மேல் மூன்று வகை நாள்களைச் சேர்க்க வேண்டும். நடவுக்குப் பின்னான முதல் இரு வாரங்கள் ஒன்று. நீண்ட வறட்சிக்குப் பின் வரும் முதல் நல்ல மழை இரண்டாவது. ஜூன் முதல் செப்டம்பர் வரை மாலையில் வரும் இடிமழையும் வடகிழக்குப் பருவமழையின் முதல் மழையும் இதில் அடங்கும். கோடை முழுவதும் தெருவிலும் வடிகாலிலும் சேர்ந்திருந்ததை அந்த ஒரு மழை ஆற்றில் தள்ளிவிடுகிறது. மூன்றாவது, மாநகராட்சி கொசு மருந்து தெளிக்கும் நாள்கள். பகுதிச் சுகாதாரப் பணியாளர்களைக் கேட்டால் முன்னதாகவே சொல்வார்கள். மழை நாளில் ஒரு மாதிரி போதாது. நீர் ஏறத் தொடங்கும்போதே போய், ஏறும்வரை அரை மணிக்கு ஒன்றும், இறங்கும்போது சில மணிக்கு ஒன்றுமாக ஆறேழு மாதிரிகளாவது வேண்டும்.

கழிமுகத்துக்கு அருகில் கடலேற்றத்தையும் பார்க்க வேண்டும். திரு.வி.க. பாலத்தருகே ஏற்ற நேரத்தில் எடுக்கும் நீரில் கடல் கலந்திருக்கும். மின்கடத்துதிறனை அளந்தால் உடனே தெரிந்துவிடும். வற்றம் முடியும் வேளையில் எடுப்பதே சரி.

புட்டியும் கையும்

நாம் தேடும் அளவு லிட்டருக்கு மைக்ரோகிராம், அதாவது நூறு கோடியில் ஒரு பங்கு. பெரும்பாலும் அதிலும் பத்தில், நூறில் ஒரு பங்கு. இந்த அளவில் நம் கை, உடை, வாகனம் எல்லாமே மருந்தைக் கொண்டுவந்து சேர்க்கக்கூடியவை. இதை நான் நூலில் படித்து அறிந்ததைவிடப் பட்டு அறிந்ததே அதிகம். ஒரு பருவத்தின் எட்டு மாதிரிகளில் வீட்டுக் கொசு மருந்தில் இருக்கும் பைரித்ராய்டு வகைச் சேர்மம் ஒன்று ஒரே சீரான அளவில் வந்தது. நகரத்தின் தாக்கம் என்று எழுதவும் தொடங்கிவிட்டோம். பிறகு, ஆற்று நீருக்குப் பதில் தூய நீரை நிரப்பி உடன் அனுப்பிய வெற்று மாதிரியின் முடிவைப் பார்த்தால் அதிலும் அதே அளவு இருந்தது. புட்டிகளை வைத்திருந்த அறையில் இரவு முழுவதும் கொசுவிரட்டி எரிந்திருக்கிறது. மூடிகளை அங்கேதான் திறந்து உலர்த்தியிருந்தோம். எட்டு மாதிரிகளையும் தள்ளிவிட்டோம். வெற்று மாதிரி மட்டும் இல்லையென்றால் அந்தப் பொய்யை உண்மை என்று நம்பி அச்சிட்டிருப்போம்.

ஆகையால் ஒரு லிட்டர் பழுப்புக் கண்ணாடிப் புட்டியையும் உட்புறம் டெப்லான் பூசிய மூடியையும் வாங்குங்கள். கண்ணாடியைக் கழுவி, உலையில் 450 டிகிரி செல்சியஸில் சில மணி நேரம் சுட்டு, அலுமினியத் தாளால் வாயை மூடி வையுங்கள். மூடியை உலையில் வைக்கக் கூடாது. கரைப்பானால் அலசினால் போதும். பிளாஸ்டிக் வாளி, பிளாஸ்டிக் குடுவை எதுவும் இடையில் வரக்கூடாது; நீரில் எளிதில் கரையாத மருந்துகள் அவற்றின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். கிளைபோசேட் என்ற களைக்கொல்லி இதற்கு விதிவிலக்கு. அதற்குப் பிளாஸ்டிக் புட்டியும் தனி ஆய்வு முறையும் வேண்டும்.

ஆற்றில் இறங்குவதற்கு முன் நைட்ரைல் கையுறை அணியுங்கள். அன்று காலையில் கொசுவிரட்டிக் களிம்பு பூசியவர் புட்டியைத் தொடக்கூடாது. நீரோட்டத்துக்கு எதிர்முகமாக நின்று, நம் காலடியில் கிளம்பும் சேறு கீழ்நோக்கிப் போகும்படி பார்த்துக்கொண்டு, புட்டியின் வாயை ஓட்டம் வரும் திசைக்குக் காட்டி, மேல்மட்டத்துப் படலம் உள்ளே வராதபடி ஒரு முழம் ஆழத்தில் நிரப்ப வேண்டும். மற்ற நீர் ஆய்வுகளில் புட்டியை ஆற்று நீரால் மூன்று முறை அலசச் சொல்வார்கள். இங்கே அதைச் செய்யவே கூடாது. அலசும் ஒவ்வொரு முறையும் மருந்து கண்ணாடியில் படிந்து, உண்மையைவிட அதிக அளவைக் காட்டும். இதே காரணத்துக்காக, ஆய்வகத்தில் நீரிலிருந்து மருந்தைக் கரைப்பானால் பிரித்தெடுத்த பின் காலிப் புட்டியைக் கரைப்பானால் அலசி அதையும் சேர்க்கும்படி கேட்டுக்கொள்ள வேண்டும்.

அகலமான இடத்தில் கரையோர நீர் ஆற்றுக்குச் சாட்சி ஆகாது. பாலத்தின் நீளத்தைச் சம பங்காகப் பிரித்து, ஐந்து இடங்களிலாவது எடைகட்டிய புட்டியை இறக்கி, மேலிருந்து அடிவரை சீராக இறக்கி ஏற்றிச் சேகரித்துக் கலக்க வேண்டும். வெள்ளத்தில் எவரும் நீருக்குள் இறங்கக் கூடாது. பாலத்திலிருந்து மட்டுமே எடுக்க வேண்டும். தனியாகப் போகவும் கூடாது.

வண்டலுக்கு, ஓட்டம் மந்தமான வளைவில் மேல் இரண்டு சென்டிமீட்டர் மென்சேற்றை எஃகுக் கரண்டியால் எடுத்துக் கண்ணாடிச் சாடியில் அடையுங்கள். கரிமப் பொருள் அளவையும் உடன் பார்க்கச் சொல்லுங்கள். அது தெரியாமல் மணல் பாங்கான பூண்டியையும் கருஞ்சேறான சிந்தாதிரிப்பேட்டையையும் ஒப்பிட இயலாது.

எடுத்ததும் ஐஸ் பெட்டி. மே மாதத்தில் மணிமங்கலத்திலிருந்து நகருக்குள் வருவதற்குள் பெட்டி வெந்நீர்த் தொட்டி ஆகிவிடும். நாங்கள் மீன் சந்தையில் உடைத்த ஐஸ் வாங்கி, புட்டிகளைத் தனித்தனிப் பையில் கட்டி வைப்போம், உருகிய நீர் மூடியைத் தொடாதபடி. 4 டிகிரியை ஒட்டிய குளிரில், இருளில், ஏழு நாள்களுக்குள் பிரித்தெடுப்பு நடந்தாக வேண்டும். பிரித்த சாறு 40 நாள் தாங்கும். பத்து மாதிரிக்கு ஒன்று வெற்று மாதிரி, ஒன்று இரட்டை மாதிரி (அதே இடத்தில் அப்போதே எடுத்த இரண்டாம் புட்டி), ஒன்று தெரிந்த அளவு மருந்து சேர்த்த மாதிரி என்று அனுப்புங்கள். செலவு கூடும், அதற்காக ஓரிடத்தைக் குறைத்துக்கொண்டாலும் பரவாயில்லை.

நீரின் அளவு

செறிவை மட்டும் வைத்து நிலங்களை ஒப்பிட்டால் வெள்ளக்காலத்து ஆறு பல நேரங்களில் தூய்மையானதாகத் தோன்றும். லிட்டருக்கு 0.2 மைக்ரோகிராம் என்பது சிறு எண்; ஆனால் நொடிக்கு மூன்று கன மீட்டர் ஓடும் ஆற்றில் அது நாளொன்றுக்கு ஏறத்தாழ 52 கிராம். ஓட்டமானி இல்லாதவர்கள் மிதவை முறையைப் பின்பற்றலாம். அளந்த தொலைவில் ஓர் ஆரஞ்சுப் பழத்தை மிதக்கவிட்டு நேரத்தைக் குறித்து, மேல்மட்ட வேகத்தை 0.85 ஆல் பெருக்கி, குறுக்குப் பரப்பால் பெருக்கினால் போதுமான மதிப்பீடு கிடைக்கும்.

ஆய்வகமும் எண்களும்

என்ஏபிஎல் (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் பெற்ற ஆய்வகமா என்று பார்ப்பதோடு நிற்காமல், அந்த அங்கீகாரம் நீங்கள் தேடும் மருந்துகளுக்கும் உண்டா என்று கேளுங்கள். எளிதில் ஆவியாகும் சேர்மங்களுக்கு அவற்றை வாயு நிலையில் பிரித்து அளக்கும் ஜிசி-எம்எஸ் கருவியும், இமிடாகுளோபிரிட் போன்றவற்றுக்குத் திரவ நிலையில் பிரித்து அளக்கும் எல்சி-எம்எஸ் கருவியும் வேண்டும். ஒன்று மற்றொன்றின் வேலையைச் செய்யாது. மிக முக்கியமாக, ஒவ்வொரு மருந்தையும் குறைந்தது எந்த அளவில் அளக்க முடியும் என்று எழுத்தில் வாங்குங்கள்.

ஏன் என்றால், அந்த அளவைப் பொறுத்துத்தான் ‘கண்டறியப்படவில்லை’ என்பதன் பொருள் அமையும். குடிநீருக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 10500 குளோர்பைரிபாஸுக்கு லிட்டருக்கு 30 மைக்ரோகிராம் வரை இடம் தருகிறது. நீர்வாழ் உயிர்களின் நீண்டகாலப் பாதுகாப்புக்கு அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை வகுத்த அளவோ 0.041 மைக்ரோகிராம்தான், ஏறத்தாழ எழுநூறு மடங்கு இடைவெளி. ஒரு மைக்ரோகிராமுக்குக் கீழே அளக்க இயலாத கருவி, குடிநீர்த் தரத்தைச் சரிபார்க்கப் போதுமானது; ஆனால் அடையாற்றின் இறாலும் நீர்ப்பூச்சிகளும் பிழைக்குமா என்ற கேள்விக்கு அதனால் விடை சொல்லவே முடியாது. அதேபோல் இரண்டு ஆய்வகங்களின் முடிவுகளை ஒப்பிடும்போது, இரண்டும் அளக்கக்கூடிய பொதுவான அளவை எல்லையாக வைத்து எண்ணுங்கள். இல்லையேல் நுட்பமான கருவிக்குப் போன ஊர் மட்டும் அசுத்தமான ஊராகத் தெரியும். அளவெல்லைக்குக் கீழுள்ளவற்றைச் சுழியம் என்று நிரப்பிச் சராசரி காண்பதும் தவறு, ‘0.01-க்குக் குறைவு’ என்றே பதிந்து, நடுமதிப்பையும் கண்டறிந்த விழுக்காட்டையும் கொடுங்கள்.

முடிவுகள் வந்ததும் அவற்றை முதலில் கரையில் இருப்பவர்களிடம் காட்டுங்கள். நாங்கள் வயல் பகுதியின் முடிவுகளை எடுத்துச் சென்று ஒரு திண்ணையில் விரித்தபோது, முதியவர் ஒருவர் தாளை நெடுநேரம் பார்த்துவிட்டு, ‘இது எந்த வாய்க்கால் தண்ணி?’ என்று கேட்டார். எங்கள் இடத்துக்கு மேலே இரண்டு வாய்க்கால்கள் கூடுகின்றன என்பதும், அவற்றில் ஒன்று வயலைத் தொடாமல் ஒரு மனைப்பிரிவின் ஓரமாக வருகிறது என்பதும் அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. அடுத்த போகத்தில் கூடுமிடத்துக்கு மேலே, இரு வாய்க்காலிலும் தனித்தனியே புட்டியை நிரப்பினோம்.